மாரடைப்பு வந்த பிறகும் நாட்டை ஆண்டார்!
மனச்சோர்வை வென்ற ஐசனோவர்

1955-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் விடுமுறைக்காக டென்வர் நகரில் மாமியார் வீட்டில் தங்கி இருந்தார். முதல் நாள் பகலில் உற்சாகமாகக் கோல்ப் ஆடினார். நள்ளிரவு தாண்டியதும் நெஞ்சில் கடுமையான வலி. மாரடைப்பு! ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்கு வயது 64.

செய்தி பரவியதும் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. "இனி அவர் அவ்வளவுதான்" என்று பலர் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

படுக்கையே சிறை

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களைப் பல வாரங்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்க விடமாட்டார்கள். சாப்பாட்டைக் கூட ஊட்டி விடுவார்கள். "அசைந்தால் ஆபத்து" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நோயாளியின் மனம் ஒடிந்துவிடும். இருதயத்தில் ஏற்பட்ட காயம் ஆறிவிடும். பயம் ஆறாது. நடமாட முடிந்தவர்கள் கூட வேலையை விட்டு, வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள்.

பாஸ்டன் நகர டாக்டர் சாமுவேல் லெவின் வேறு வழி கண்டார். அவரும் டாக்டர் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளை, முதல் வாரத்திலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததால் கெடுதல் வரவில்லை. நோயாளிகளின் முகத்தில் தெளிவு வந்தது. 1952-ல் இதை வெளியிட்டார்கள்.

"ரொம்பத் தேவலை, நன்றி"

ஐசனோவருக்கு வைத்தியம் செய்ய வரவழைக்கப்பட்ட டாக்டர் பால் டட்லி ஒயிட்டும் பாஸ்டன்காரர்தான். நடையிலும் சைக்கிளிலும் ஆர்வம் உள்ளவர். நோயாளியைச் சிறுகச் சிறுக நடமாட விடவேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்டோபர் 25-ந் தேதி ஆஸ்பத்திரி மாடியில் ஐசனோவர் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்சி தந்தார். அவர் அணிந்திருந்த சிவப்புச் சட்டையில் "ரொம்பத் தேவலை, நன்றி" என்று தைக்கப்பட்டு இருந்தது!

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரியை விட்டு வந்து, கெட்டிஸ்பர்க் பண்ணை வீட்டில் ஓய்வு எடுத்தபோது, அவர் மனம் சோர்ந்தது. போர்க்களம் கண்ட தளபதிக்கே இந்த நிலை!

மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினார். 1956 பிப்ரவரியில் மறுபடியும் கோல்ப் ஆடினார். அதே மாதம் 29-ந் தேதி மீண்டும் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். நவம்பரில் வெற்றி பெற்றார். 1957-ல் லேசான பக்கவாதம் வந்தது. அப்போதும் ஒதுங்கவில்லை. 1961 ஜனவரி வரை பதவியில் இருந்தார். 1969-ல், 78-வது வயதில் காலமானார்.

ஐந்தில் ஒருவர்

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. இது மனபலம் இல்லாததன் அடையாளம் அல்ல. இதுவும் நோய்தான். சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடக்கமாட்டார், புகை பிடிப்பதை விடமாட்டார். அதனால் இருதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. எனவே, மருந்து, நடைப்பயிற்சி, மனத்துக்கு ஆறுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்றைய மறுவாழ்வுச் சிகிச்சை.

தூக்கம் இன்மை, காரணம் இல்லாத அழுகை, எதிலும் விருப்பம் இன்மை, "நான் வீட்டுக்குப் பாரம்" என்ற பேச்சு— இவை இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். இதற்கும் மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. மறுபடி நெஞ்சுவலி வந்தால் மட்டும், "மனப்பயம்தான்" என்று இருந்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியது என்ன? "எழுந்திருக்காதே, தொடாதே" என்று அன்பாலேயே அவரைக் கட்டிப் போடக் கூடாது. டாக்டர் அனுமதித்த வேலைகளை அவரே செய்யட்டும். வீட்டுக் கணக்கை அவர் பார்க்கட்டும். பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரட்டும். நேற்று திண்ணை வரை நடந்தவர் இன்று தெருமுனை வரை நடந்து வந்தால், அதை வீடே கொண்டாடட்டும்.