அலையின் உயரம் மட்டும் போதாது

கன்னியாகுமரி முதல் பழவேற்காடு வரை, கடலுக்குப் போகிறவர்கள் படகை இறக்குமுன் விசாரிப்பது இரண்டு சங்கதிகள்தான்: காற்று எப்படி, அலை எவ்வளவு. செய்திகளில் வரும் எச்சரிக்கையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று, இத்தனை மீட்டர் உயரத்துக்கு அலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. ஹைதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தரும் முன்னறிவிப்பில் மூன்றாவதாக ஓர் எண்ணும் உண்டு. ஓர் அலையின் முகடு கடந்துபோன பிறகு அடுத்த முகடு அதே இடத்துக்கு வந்து சேர எத்தனை நொடி ஆகிறது என்பதே அது. இந்த நொடிக் கணக்கைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அறிவியலாளருக்கான நுணுக்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சிறு படகில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் வாதம். அதற்கடுத்தது ஏற்றவற்ற நேரம். இந்த இரண்டும் தெரியாமல் அலையின் உயரத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஆகப்போவது அதிகமில்லை.

ஒரு மீட்டர் உயரமுள்ள இரண்டு அலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 4 நொடிக்கு ஒருமுறை வருகிறது, மற்றது 18 நொடிக்கு ஒருமுறை. ஆழ்கடலில் ஓர் அலையின் நீளத்தை மீட்டரில் அறிய, நொடியை நொடியாலேயே பெருக்கி 1.56 ஆல் பெருக்கினால் போதும். முதல் அலையின் நீளம் 25 மீட்டர். இரண்டாவதன் நீளம் 500 மீட்டருக்கு மேல். ஒன்பது மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகுக்கு 25 மீட்டர் அலை என்பது ஓயாத தொல்லை: அணியம் ஏறுகிறது, விழுகிறது, விழுந்த வேகத்தில் அடுத்த அலை முகத்தில் அறைகிறது, தண்ணீர் உள்ளே கொட்டுகிறது. அதே படகு அரைக் கிலோமீட்டர் நீள அலையின் மேல் நிற்கும்போது, ஏறியதும் தெரியாது இறங்கியதும் தெரியாது. கரையிலிருந்து பார்ப்பவர் கடல் குளம்போல் கிடக்கிறது என்பார். ஆக, வெளிக்கடலில் ஆபத்தானது குறுகிய இடைவெளி அலை, நீண்டது சாது. முன்னறிவிப்பிலோ இரண்டுக்கும் ஒரே உயரம்தான் போட்டிருக்கும்: ஒரு மீட்டர்.

கரையை நெருங்கும்போது கணக்கு தலைகீழாகிறது. தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடல்தரையை உணரத் தொடங்கும். 4 நொடி அலைக்கு அந்த ஆழம் 12 மீட்டர் சொச்சம். 18 நொடி அலைக்கு 250 மீட்டர். அதாவது கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே நுழையும்போதே அது தரையைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. தரையை உணர்ந்த அலையின் வேகம் குறையும். பின்னாலிருந்து வரும் ஆற்றல் குறைந்த இடத்துக்குள் திணிக்கப்படுவதால் அலை உயரும். கடற்கரைப் பொறியாளர்கள் வழக்கமாகக் கையாளும் ஒரு வாய்பாட்டில் இந்த இரு அலைகளையும் போட்டுப் பார்த்தால், 4 நொடி அலை ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரத்தில் உடைகிறது. 18 நொடி அலை உடையும்போது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். முன்னது ஏறக்குறைய 1.4 மீட்டர் ஆழம் வரை உடையாமல் வரும், பின்னது 2.5 மீட்டர் ஆழத்திலேயே சரிந்து விழும். வெளிக்கடலில் இருப்பதே தெரியாமல் வந்த சாது, முகத்துவாரத்தில் படகைப் புரட்டிப்போடுவது இப்படித்தான்.

இந்த நீள் அலைகள் நம் பக்கத்துக் காற்றில் பிறப்பவையல்ல. தெற்கே 40 பாகை அட்சரேகைக்கு அப்பால், ஓயாமல் புயலடிக்கும் தெற்குப் பெருங்கடலில் அவை உருவாகின்றன. அங்கிருந்து குமரிமுனைக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர். நீள் அலை விரைந்து பயணிக்கும், குறுகியது பின்தங்கும்: 20 நொடி அலைகளின் ஆற்றல் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நாலரை நாளில் கரை சேரும், ஒரே புயலில் பிறந்த 14 நொடி அலைகளுக்கு ஆறு நாளுக்கு மேல் ஆகும். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1963-இல் வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளரும் அவர் குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, தென்கோடிப் புயல்களின் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து வடக்கே போய்ச் சேர்வதை அளந்து காட்டினார்கள். நம் படகோட்டிக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், முதலில் வந்து சேரும் அலை உயரம் குறைந்ததாகவும் இடைவெளி நீண்டதாகவும் இருக்கும் என்பது. உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்றுமில்லை. நொடியைப் பார்ப்பவருக்கு அதுவே முன்னோட்டம். காற்றில்லாத, வெயிலடிக்கிற நாளில் இந்த நீள் அலைகளால் கடல் திடீரென்று ஏறிவந்து தெருவில் நிற்பதைக் கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6-ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் இப்படி வந்த அலைகள் மருத்துவ மாணவர் ஐந்து பேரின் உயிரைக் குடித்தன. எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது. ஆனால் வானம் எச்சரிக்கவில்லை, காற்றும் எச்சரிக்கவில்லை.

நொடிக் கணக்கை எப்படி அளக்கிறார்கள்? கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு மிதக்கும் மஞ்சள் நிற உருண்டை ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. குறுக்களவு ஒரு மீட்டருக்கும் குறைவு. உள்ளே, மேலும் கீழுமான அசைவின் முடுக்கத்தை அளக்கும் உணரி. மேலே விளக்கும் ஆன்டெனாவும். இதில் கவனிக்க வேண்டியது உருண்டையை அல்ல, அதைக் கட்டியிருக்கும் கயிற்றை. வெறும் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால் அலை ஏறும்போது மிதவை ஏற முடியாமல் மூழ்கும், அளவு பொய்யாகும். அதனால் மேற்பகுதிக்கு இழுத்தால் நீளும் ரப்பர்க் கயிறு போட்டிருப்பார்கள். அலையோடு ஏறி இறங்கிய ஒவ்வோர் அசைவையும் பதிந்து, அரை மணிக்கு ஒருமுறை சுருக்கி அனுப்புகிறது அது. அந்தச் சுருக்கத்தில் வரும் 'அலை உயரம்' எல்லா அலைகளின் சராசரியோ, மிகப் பெரிய அலையின் அளவோ அல்ல. எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆயிரம் அலைகளுக்கு ஒன்று இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ஒன்றரை மீட்டர் என்று அறிக்கை சொன்னால், அன்று எப்போதோ ஓர் அலை மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் வரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். (இந்த மிதவையில் வலை சிக்கினால் அறுத்துவிடுவதும், படகை அதில் கட்டி நிறுத்துவதும் நடக்கிற காரியம். அது நின்றுபோனால் முன்னறிவிப்பைச் சரிபார்க்க வழியில்லாமல் போகும்.)

நொடிக்கு அடுத்தபடி ஏற்றவற்றம் என்றால், தமிழகக் கரையில் அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குஜராத்தின் பாவ்நகரில் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. இங்கே ஒரு மீட்டரை எட்டுவதே பெரிது. பல நாட்களில் அரை மீட்டர்தான். ஆனால் முகத்துவார மணல்திட்டின் மேல் நிற்கும் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். வற்றத்தில் 2.2 மீட்டர், ஏற்றத்தில் 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 18 நொடி அலை 2.5 மீட்டரில் உடையக்கூடியது. ஏற்ற நேரத்தில் அது திட்டைத் தாண்டி உள்ளே போய்விடும். வற்ற நேரத்தில் வாயின் குறுக்கே வெள்ளைச் சுவராக விழும். பத்து மீட்டர் ஏற்றமுள்ள துறைமுகத்தில் இந்த அறுபது சென்டிமீட்டரை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆழம் இரண்டரை மீட்டராக உள்ள இடத்தில் அதுதான் எல்லாம். இதோடு வற்றத்தின்போது உள்ளிருந்து வெளியே பாயும் நீரோட்டம் எதிரே வரும் அலையைச் சுருக்கி நிமிர்த்துகிறது. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், கேரளத்தின் முதலைப்பொழியில் வாமனபுரம் ஆறும் அந்த ஓட்டத்துக்கு வலுச் சேர்க்கின்றன. மழை பெய்தால் இன்னும் கூடும். இவ்விரு துறைமுக வாய்களிலும் படகு கவிழ்ந்து மீனவர் இறப்பது தொடர்கதை. தடுப்புச் சுவரின் அமைப்பும் மணல் அள்ளப்படாததும் காரணம் என்று மீனவர்கள் போராடுவது சரியே; அலையைப் படித்துவிட்டால் அந்தப் பொறுப்பு யாருக்கும் நீங்கிவிடாது. அது தீரும்வரை எந்த மணிக்கு வாயைக் கடப்பது என்பது படகோட்டியின் கையில் உள்ளது. அந்த மணியும் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று ஆறு மணிக்குச் சுகமாகக் கடந்தோம் என்பதற்காக அடுத்த வாரமும் ஆறு மணிக்கே கிளம்பினால் நேர்எதிரான ஓட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஏற்றவற்ற நேரத்தைக் கணிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த பித்தளைப் பல்சக்கரக் கணிப்பு எந்திரம் லண்டனில் 1879-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.

எல்லாக் கரைக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. தெற்கிலிருந்து வரும் நீள் அலைகளைப் பாக் நீரிணைக்குள் நுழையவிடாமல் இலங்கை பெருமளவு மறைத்து நிற்கிறது. அங்கே கடல் ஆழமற்றது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நாலைந்து நொடி அலைகள் நெருக்கமாக எழும்பிக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும். அதனால்தான் ராமேஸ்வரத்துக்காரர்கள் பருவத்துக்கேற்ப வடகடல், தென்கடல் என்று மாறி மாறித் தொழில் பார்க்கிறார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய எண் அதே நொடிதான். பயப்பட வேண்டியது மட்டும் மறுமுனையிலுள்ள சிறிய எண்ணுக்கு. ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது, படகுகள் தரைதட்டின என்று அடிக்கடி வரும் செய்தியும் சுனாமிக்கு முன்னறிகுறி அல்ல. ஆழமற்ற கரையில் வற்றமும், தண்ணீரை வெளியே தள்ளும் காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் நூறு மீட்டர் தரை வெளியே தெரிவதில் வியப்பில்லை.

அனுபவமுள்ளவருக்கு எண் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. கடலின் நிறத்தையும் நீவாட்டின் (நீரோட்டத்தின்) போக்கையும் பார்த்தே சொல்லிவிடும் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. வாய்க்கு வெளியே நின்று பெரிய அலைக் கூட்டம் போகட்டும் என்று காத்திருந்து புகுவது பல தலைமுறை கற்ற வித்தை. ஆனால் அந்த வித்தைக்கே நொடிக் கணக்கு தேவை. ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் 6 நொடி அலையில் ஐம்பது கண்ணுக்குத் தெரியும். 18 நொடி அலையில் பதினாறோ பதினேழோதான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவிலுள்ள அமைதி பல நிமிடம் நீடிக்கும். அந்த அமைதியையே கடலின் நிலை என்று நம்பிப் புகுந்தவர் நடுவாயில் இருக்கும்போது அடுத்த கூட்டம் வந்துவிடும். நீள் அலை நாளில் கால் மணிக்குக் குறையாமல் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

முன்னறிவிப்பே பொய்த்துப் போகிறதே, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தொழிலை விட்டால் அடுப்பெரியுமா என்ற கேள்விதான் கடினமானது. கோடை இடிமழையோடு வரும் திடீர்க் காற்றை ஒரு நாள் முன்னதாக இடம் குறித்துச் சொல்வது இன்றும் இயலாத காரியம். நொடிக் கணக்கும் அங்கே உதவாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி, குமரிமுனைக்கு அருகே சில மணி நேரத்தில் புயலாக வலுத்தபோது, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி போய்ச் சேரவே இல்லை. அதன் பிறகு 2019-இல் வந்த ஜெமினி கருவி, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகில் உள்ள கைப்பேசிக்குக் கொண்டுவருகிறது. பதில் அனுப்ப மட்டும் அதில் வழியில்லை. ஆனால் தெற்கிலிருந்து வரும் நீள் அலையின் கதை வேறு. அது எங்கோ பிறந்து, புறப்பட்டு, வழியில் இருக்கிறது. நாம் கணிப்பது அதன் வருகை நேரத்தை. ஏற்றவற்றமோ ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே சொல்லக்கூடியது. கடல் விஷயத்தில் மிக உறுதியாகக் கிடைக்கும் இந்த இரண்டு தகவல்களும்தான் மக்களிடம் மிகக் குறைவாகப் போய்ச் சேர்கின்றன. மாவட்டம் முழுமைக்கும் 'கடலுக்குப் போகாதீர்' என்று ஒரே அடியாக அறிவித்தால் முழுநாள் கூலி போகிறது. பத்து முறை ஒன்றும் நடக்காவிட்டால் பதினொன்றாம் முறை யாரும் கேட்பதில்லை. 'அலை இடைவெளி 18 நொடி, வற்றம் காலை 9 மணிக்கு, 7 முதல் 11 வரை வாயைக் கடக்க வேண்டாம்' என்று சொன்னால் போவது நான்கு மணி நேரம்தான். ஆகவே மீன்வளத் துறையும், ஊர் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வாசிப்பவர்களும், செய்தி எழுதுகிறவர்களும் உயரத்தோடு நொடியையும் ஏற்றவற்ற மணியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், படகோட்டிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.