முண்ணாண் சிதைந்த பின்னும் கை வாழும்

லக்கலையின் மலைச்சரிவுகளிற் பிழைப்போர்க்கு ஏறுதலும் இறங்குதலும் நாளாந்தத் தொழில். கித்துள் மரத்தில் ஏறுவோரும், மிளகு பறிக்க ஏணி சாய்ப்போரும், கொப்பு வெட்டுவோரும் உயரத்தை நம்பியே உண்கின்றனர். ஒருகால் பிடி வழுவிக் கழுத்து முறியுமாயின், கையுங் காலும் ஒருங்கே ஓய்ந்துவிடும். அவ்வாறு வீழ்ந்தவனைப் பாயிற் கிடத்தி, “இனி ஆவதொன்றுமில்லை” என்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல் இன்று முற்றும் உண்மையன்று. அதன் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுதுபவன் வைத்தியனல்லன், தமிழாசிரியன். ஆதலின், படித்தறிந்தவற்றை எளிய சொற்களில் வைக்கின்றேன்.

முதற்கண் இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். மூளையினின்று இறங்கி முள்ளந்தண்டினுள்ளே செல்வது முண்ணாண். அதனின்று பிரிந்து கைகால்களுக்குச் செல்வன சுற்றயல் நரம்புகள். முண்ணாண் அறுந்தால் மீளப் பொருந்துவதில்லை. சுற்றயல் நரம்போ நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வீதம் மீள வளரும் இயல்பினது. மேலும், கழுத்தில் முண்ணாண் சிதைந்தவிடத்தும், சிதைவுக்குக் கீழேயுள்ள நரம்புகள் பல உயிரோடேயிருக்கும். அவற்றுக்கு எட்டாதது மூளையின் கட்டளை ஒன்றே.

அக்கட்டளையை வேறு வழியாற் கொணரலாமா? வயலும் வரம்பும் கெடாதிருக்க, வாய்க்கால் மட்டும் உடைந்துபோனால், கமக்காரர் அயல் வாய்க்காலிலிருந்து ஒரு கிளை வெட்டி நீர் பாய்ச்சுவர். நரம்பு மாற்றுச் சத்திர சிகிச்சையும் அத்தகையதே. முழங்கையை மடக்குந் தசைகள் ஒன்றுக்கு மேற்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குரிய நரம்புக் கிளையை எடுத்து, விரல் மடக்குந் தசைகளுக்குச் செல்லும் நரம்போடு இணைக்கின்றனர். கொடுத்த தசையின் வேலையை மற்றையது செய்யும். நரம்பிழைகள் பல மாதங்களாக வளர்ந்து விரற்றசையை அடைந்தபின், முழங்கையை மடக்க நினைக்க விரல் மடங்கும். பயிற்சியினால் மூளை இப்புதுவழியைக் கற்றுக்கொள்ளும்.

ஐக்கிய அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் சூசன் மக்கினன் குழுவினர் இத்தகைய சிகிச்சையொன்றை 2012இல் வெளியிட்டனர். மெல்பேண் நகரில் நற்றாஷா வான் சைல் குழுவினர், 16 பேரிடத்துச் செய்த 59 நரம்பு மாற்றங்களின் பயனை 2019இல் ‘லான்செற்’ சஞ்சிகை வாயிலாக அறிவித்தனர். முழங்கையை நீட்டவும் கையைத் திறந்து மூடவும் பலர் ஆற்றல் பெற்றனர். சில இணைப்புக்கள் பயன் தரவில்லை. கால் நடக்கும் என்று இச்சிகிச்சை வாக்களிப்பதில்லை. எனினும், தன் கையாற் கரண்டி பிடித்துண்ணுதலும், தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டுதலும் பிறர் கையை எதிர்பார்த்திருந்தவனுக்குச் சிறு பேறல்ல.

இருப்பதைக்கொண்டு இல்லாததை நிரப்பும் இக்கொள்கை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலே போல் பிராண்ட் என்பார், 1940களின் பிற்பகுதியிலிருந்தே, தொழுநோயாற் செயலிழந்த கைகளுக்கு நல்ல தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி வந்தார். அங்கே வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் 1954இல் வீதி விபத்தொன்றில் முண்ணாண் சிதைந்து இடுப்பின்கீழ் இயக்கமிழந்தார். அவ்வம்மையார் பிராண்டின் வழிகாட்டலிற் கைச் சத்திர சிகிச்சை பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பிறர் கைகளைத் திருத்தினார். பின்னர் நியூயோர்க்கிற் பயின்று திரும்பி, வேலூரிலே புனர்வாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

நிற்க. இச்சிகிச்சைக்குக் காலம் இன்றியமையாதது. சிதைவு நேர்ந்த மட்டத்தில் நரம்பணுக்கள் இறந்திருப்பின், அவற்றைச் சார்ந்த தசைகள் 12 முதல் 18 மாதங்களுள் மீளா நிலையை அடையக்கூடும். ஆதலின், “நரம்பு மாற்றம் பொருந்துமா?” என்ற வினாவை முதல் மாதங்களிலேயே வைத்தியரிடம் வினவுதல் வேண்டும். முண்ணாண் சிதைந்தோரைப் பராமரிக்கும் றாகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை நம் நாட்டில் உண்டு.

அதுவரை, எஞ்சிய நரம்புகளைக் காத்தல் வீட்டாரின் கடன். முழங்கையின் உட்புறத்திலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் நரம்பு எலும்பை ஒட்டிச் செல்வதால், அவ்விடங்கள் கட்டில் விளிம்பிலும் நாற்காலிக் கையிலும் நெடுநேரம் அழுந்தலாகாது. கிடக்கும் நிலையை அடிக்கடி மாற்றுதலும், விரல் மூட்டுக்களை இயன்மருத்துவர் காட்டியவாறு நாள்தோறும் அசைத்தலும் வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. நீரிழிவு, மதுபானம், பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியனவும் நரம்பை அரிப்பன.

இவை எல்லாவற்றுக்கும் முற்பட்டது வீழ்ந்த கணம். கழுத்தில் அடிபட்டவனைத் தோளுங் காலும் பற்றித் தூக்கலாகாது. முச்சக்கர வண்டியில் மடக்கி இருத்தலுமாகாது. தலையுங் கழுத்தும் உடலும் ஒரே நேராக அசையாதிருக்கச் செய்து, 1990 என்ற இலக்கத்தில் ‘சுவசரிய’ நோயாளர் வண்டியை அழைத்தல் வேண்டும். இவ்வொரு செய்தியை நம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குக் கொண்டு செல்வாராக. ஊர்களிலே செல்வாக்குடைய பழைய மாணவர், மரமேறுவோர் கூடுமிடங்களில் இதனை எடுத்துரைக்குமாறு வேண்டுகின்றேன்.