தறியில்லாமல் நெய்த சட்டை

காங்கயம் பக்கமிருந்து ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: போன வருசம் அடைப்பான் ஊசி போட்டாயிற்று, இந்த வருசமும் போடணுமா? போட வேண்டும். ஊசி தரும் காப்பு ஏறத்தாழ ஓராண்டுதான். கிருமியோ வித்தாக மாறி மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

அடைப்பான் பேச்சு வந்துவிட்டதால், அந்தக் கிருமி போட்டிருக்கும் சட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பாக்டீரியாக்கள் பலவற்றின் செல்சுவருக்கு வெளியே, ஒரே புரதம் லட்சக்கணக்கில் அணிவகுத்து ஒரு படலமாக நிற்கிறது. எஸ்-லேயர் என்பது அதன் பெயர். 1953இல் ஹௌவிங்க் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் கண்டார். கனம் பெரும்பாலும் 5 முதல் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். படலம் முழுக்க ஒரே அளவில் துளைகள்.

சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். பாவு பிணைக்க ஒருவர், தார் சுற்ற ஒருவர், இழை அறுந்தால் ஓடிவந்து முடிய ஒருவர் என்று வீடே சேர்ந்தால்தான் ஒரு கஜம் துணி இறங்கும். இந்தச் சட்டைக்குத் தறியும் கிடையாது, நெய்கிறவரும் கிடையாது. புரதத்தைத் தனியே பிரித்துக் கரைசலில் விட்டாலும், சூழல் தோதாக இருந்தால் அதுவாகவே கூடி அதே கட்டத்தைக் கட்டிக்கொள்கிறது! ஒரு கிருமியைப் போர்த்தச் சுமார் 5 லட்சம் புரதத் துண்டுகள் வேண்டும். இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும் கிருமி, நொடிக்கு 500 துண்டாவது செய்து வெளியே தள்ளியாக வேண்டும்.

அடைப்பான் கிருமியிடம் இப்படி இரண்டு சட்டைகள். மும்முரமாக வளரும்போது 'சாப்' என்ற புரதம். வளர்ச்சி ஓய்கையில் 'இஏ1'. பிரஸ்ஸல்ஸில் அன்டோனெல்லா ஃபியோரவந்தி, ஹான் ரெமாட் குழுவினர், ஒட்டக இனத்து விலங்குகளின் எதிர்ப்பொருளிலிருந்து எடுத்த நானோபாடி என்னும் சிறு துண்டுகளைச் சாப் மீது ஏவினார்கள். படலம் சிதைந்தது, கிருமி உருக்குலைந்து வளர்ச்சி நின்றது. நோய் கண்ட எலிகள் பிழைத்தன. 2019இல் முடிவு வெளியானது. கிருமிக்குள் நுழையாமல், சட்டையைக் கிழித்தே அடக்கிய இந்த யோசனை என்னை வியக்க வைக்கிறது.

ஆனால் மண்ணில் கிடக்கும் வித்துக்கு இந்தச் சட்டை கிடையாது. அதன் ஓடு வேறு. அதனால் ஆய்வகத்தின் இந்த வெற்றி நம் மேய்ச்சல் காட்டைச் சுத்தம் செய்யாது. 2021 ஜூலையில் ஆனைகட்டிப் பக்கம் ஒரு பெண் யானை அடைப்பானில் செத்தது நம் கண்முன் நடந்தது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தடுப்பூசி தயாரிக்கிறது. அது இருந்தும், செத்த ஆட்டைத் தோலுக்கும் கறிக்கும் அறுக்கும் வழக்கம் விட்டபாடில்லை. அறுத்த உடலில் காற்றுப் பட்டதும் கிருமி வித்தாகிறது. அந்த இடம் வருசக்கணக்கில் விஷக்காடாகிறது.

ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் வடிந்தால் கத்தியை எடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் சொற்படி ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.