வேலைக்குப் போகும் மகளும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வும்



நோணாங்குப்பத்தில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிஞ்சு உள்கடன் பேசுற நேரத்தில் ஒரு அக்கா எழுந்தாங்க. "பொண்ணு பி.காம். முடிச்சிட்டு கம்பெனி வேலைக்குப் போறா. எம்.பி.ஏ. சேர ஏதோ பரீட்சை எழுதணுமாம். கோச்சிங்குக்குக் கடன் கிடைக்குமா?" என்று கேட்டாங்க. எவ்வளவு தொகை, எத்தனை தவணை என்றுதான் நாங்களும் முதலில் பேசினோம். அப்போ இன்னொரு உறுப்பினர், "சரி, அவ படிக்கிறது எந்த நேரத்துல?" என்று கேட்டாங்க. கூட்டம் அமைதியாயிடுச்சு. வேலை விட்டு வந்ததும் தண்ணி பிடிக்கிறது, ராத்திரி சமையல், பாத்திரம் எல்லாம் அந்தப் பொண்ணு தலையில்தான். தம்பி விளையாடிட்டு வந்து தட்டு முன்னால உட்காருவான்.

கடனுக்கு முன்னால் நேரம் வேண்டும். அதைத்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

அது என்ன தேர்வு?

ஐ.ஐ.எம். என்னும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்.பி.ஏ. சேர எழுதுவது 'கேட்' தேர்வு. நமக்குப் பக்கத்தில் திருச்சியில் 2011 முதல் ஒரு ஐ.ஐ.எம். இருக்கிறது. வேறு பல கல்லூரிகளும் இந்த மார்க்கை வைத்து இடம் தருகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' உண்டு. நாடு முழுவதற்கும் 'சிமேட்' என்று ஒன்று உண்டு.

கேட் எழுத ஏதாவது ஒரு டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம் போதும். வயது வரம்பு இல்லை. டிகிரி முடிச்ச நம்ம உறுப்பினர்களும் எழுதலாம்.

என்ன கேட்பாங்க?

கம்ப்யூட்டரில் 2 மணி நேரத் தேர்வு. ஆங்கிலம், அட்டவணையும் தர்க்கமும், கணக்கு என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம்.

கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். நூத்துக்கு ஒன்றரை ரூபாய் வட்டின்னா வருஷத்துக்கு 18 சதவீதம்னு நீங்க வாயாலேயே சொல்றீங்க. அந்தச் சதவீதம், வட்டி, லாப நஷ்டம், விகிதம், கூடவே பள்ளிக்கூட அல்ஜீப்ராவும் வடிவியலும்தான் அங்கேயும். குழுவின் கடன் பேரேட்டைப் பார்த்து யார் எவ்வளவு பாக்கின்னு கண்டுபிடிக்கிறோமே, அட்டவணைக் கேள்வியும் அந்த மாதிரிதான். ஆனால் முடிச்சு அதிகம், நேரம் குறைவு.

சரியான விடைக்கு 3 மார்க். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பானால் 1 மார்க் குறையும். குருட்டாம்போக்கில் 5 கேள்விக்கு விடை போட்டு ஒன்று மட்டும் சரியானால் 3 வரும், 4 போகும். தெரியாததை விட்டுவிடவும் பழகணும்.

வேலை பார்த்துக்கிட்டே எப்படிப் படிப்பது?

தேர்வு நவம்பர் மாதக் கடைசியில் வரும். மார்ச், ஏப்ரலில் தொடங்கினால் அவசரம் இருக்காது.

1. காலை 5 மணி முதல் 6.30 வரை கணக்கும் அட்டவணையும். மனசு தெளிவா இருக்கிற நேரம் அது.

2. இரவு 8.30 முதல் 9.30 வரை ஆங்கிலம். வாரத்துக்கு ஆறு நாள் இப்படிப் படித்தால் 15 மணி நேரம் ஆச்சு.

3. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் தினமும் ஆங்கிலப் பேப்பரில் ஒரு கட்டுரையாவது முழுசா வாசிக்கணும். கடலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும் நேரத்தையும் இதுக்கு வைக்கலாம்.

4. முதல் மூன்று மாதம் அடிப்படை. பிறகு ஞாயிறுதோறும் 2 மணி நேர மாதிரித் தேர்வு. எழுதி முடித்ததும் எங்கே தப்பு என்று பார்க்க இன்னொரு 2 மணி நேரம். இதை விட்டால் மாதிரித் தேர்வு எழுதியும் பலன் இல்லை.

5. வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். பல ஐ.ஐ.எம்.கள் வேலை அனுபவத்துக்கு மார்க் தருகின்றன. சில இடங்களில் பெண்களுக்கும் கூடுதல் மார்க் உண்டு. லீவைச் சேர்த்து வைத்துத் தேர்வுக்கு முந்தின வாரம் எடுக்கலாம்.

பணம் எவ்வளவு?

2025-இல் கேட் கட்டணம் 2,600 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. ஓ.பி.சி.க்குக் கட்டணச் சலுகை இல்லை, ஆனால் 27 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதுக்கு மத்திய அரசு படிவத்தில் சான்றிதழ் வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் விண்ணப்பிக்கும்போதே தாலுகா ஆபீஸ் வேலையை முடிச்சிடுங்க. இடம் கிடைத்த பிறகு கல்விக் கடன் இருக்கு. ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். 2024-இல் சுமார் 2.93 லட்சம் பேர் கேட் எழுதினாங்க. ஐ.ஐ.எம். இடங்கள் அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் டான்செட், சிமேட்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. ஒரு தடவை கிடைக்கலேன்னா "இதுக்குத்தான் இவ்வளவு ஆட்டமா?" என்று கேட்காதீங்க. எதுவுமே வராவிட்டாலும் இக்னோ எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு இல்லாமலே இருக்கிறது.

வீட்டில் நாம் செய்வது

அந்த அக்கா அன்றைக்குக் கடன் வாங்கலை. "முதல்ல ஒரு மாசம் அவளுக்கு நேரம் குடுத்துப் பாக்குறேன்" என்று சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த கூட்டத்தில் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "தண்ணி இப்ப தம்பிதான் பிடிக்கிறான். முதல் நாள் முறைச்சான், அப்புறம் பழகிட்டான்." டி.வி. சத்தம் குறைஞ்சுது. வரன் பார்க்க வர்றேன்னு சொன்ன உறவுக்காரங்ககிட்ட, "நவம்பர் பரீட்சை முடியட்டும்" என்று அவங்களே சொல்லிட்டாங்க. பொண்ணு இப்போ காலை 5 மணிக்கு எழுந்து படிக்கிறா.

அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமா வாசிங்க. உங்க குழுவில் டிகிரி முடிச்சு வேலைக்குப் போகிற பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்க. ஒவ்வொரு வீட்டிலும் அவங்களுக்குத் தினம் இரண்டரை மணி நேரம் விடுவோம் என்று தீர்மான நோட்டில் எழுதுங்க. கடனை அப்புறம் பேசிக்கலாம்.