ஊதா மக்காச்சோளமும் நம் கரிசல் தானியங்களும்

நீரிழிவுக்காக எங்களிடம் வருவோரில் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: "ஊதா மக்காச்சோளம் சாப்பிட்டால் சர்க்கரை குறையுமாமே?" கைப்பேசிக் காணொலியில் கண்டு கேட்போர் உண்டு, பொடியாக விலைகொடுத்து வாங்கிய பின் கேட்போரும் உண்டு. காரியாபட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் மக்காச்சோளத்துக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்ததும் சாலையோரங்களில் அது மஞ்சள் விரிப்பாகக் காய்வதை அனைவரும் பார்த்திருப்போம். அதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. அந்தத் தானியத்தின் நெருங்கிய உறவினம் ஒன்று மருந்தெனப் பெயர் வாங்கியிருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத எண்ணினோம்.

ஊதா மக்காச்சோளத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. பெரு நாட்டு மக்கள் அதைப் பல நூற்றாண்டுகளாகப் பயிரிட்டு வருகின்றனர். கதிரை அப்படியே நீரில் இட்டு, அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியபின் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து பருகுவர். இதற்குச் சிச்சா மொராடா என்று பெயர். அதே சாற்றை மாவிட்டுக் கெட்டியாக்கிக் களி போன்ற இனிப்பும் செய்கின்றனர். லிமா நகரில் அக்டோபர் மாதத்தில் அது தனிச்சிறப்பு. அங்கே அது வீட்டுப் பானம், விழாப் பண்டம். எலுமிச்சை பிழிந்தவுடன் ஊதா நிறம் சிவந்துவிடும். நம் வீட்டில் சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுமே, அதே வேதியியல்தான் இதுவும்.

அந்த நிறத்துக்குக் காரணமான பொருளின் பெயர் ஆந்தோசயனின். உடலின் திசுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் தன்மை அதற்கு உண்டு என்பது ஆய்வகங்களில் காணப்பட்டதே. ஊதா மக்காச்சோள நிறமியை உணவில் சேர்த்தபோது, கொழுப்பு மிகுந்த தீனி தின்ற சுண்டெலிகள் அளவு கடந்து பருக்கவில்லை, அவற்றின் இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். காணொலிகளில் கூறப்படுவனவற்றுக்கு மூலம் பெரும்பாலும் இத்தகைய ஆய்வுகளே. சுண்டெலிக்குக் கிடைத்த பயன் மனிதருக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை. நாம் உண்ணும் ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்கே குருதியில் கலக்கிறது. மணியில் நிறைந்திருப்பதோ மாவுச்சத்து. நிறம் எதுவாயினும் மக்காச்சோளம் மக்காச்சோளமே. உண்டால் சர்க்கரை ஏறும்.

இந்த நிறமிக்காகப் பெரு நாட்டுக்குப் போகவும் தேவையில்லை. நாவற்பழத்திலும், ஊதாக் கத்தரிக்காயின் தோலிலும், கறுப்புக் கவுனி அரிசியின் தவிட்டிலும் ஆந்தோசயனின் உண்டு. கத்தரிக்காயைத் தோல் சீவாமல் சமைப்பதில் என்ன செலவு?

கரிசல் மண்ணின் கொடை என்று நாங்கள் கருதுவது குதிரைவாலியை. மழையை மட்டுமே நம்பிய நிலத்தில், மூன்று மாதங்களுக்குள் விளைந்து, நெல் பொய்த்த ஆண்டுகளிலும் இப்பகுதி வீடுகளில் உலை கொதிக்கச் செய்த தானியம் அது. மதுரை வேளாண்மைக் கல்லூரி இப்பயிரில் புதிய இரகத்தையும் வெளியிட்டுள்ளது. இதன் உமி கடினமானது. உரலில் இட்டுப் பலமுறை குத்திப் புடைக்க வேண்டியிருந்ததால்தான், அரிசி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் நம் பாட்டிமார் இதைக் கைவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

கர்நாடக மாநிலம் தார்வாட்டு ஆய்வாளர்கள் குதிரைவாலியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 50 என அளவிட்டுள்ளனர். குளுக்கோசுக்கு இது 100. பட்டை தீட்டிய அரிசியைவிட இது மெதுவாகச் செரிக்கும் என்று பொருள். ஆனால் மெதுவாக ஏறும் என்பதற்கு ஏறாது என்று பொருளன்று. சோறாக வடித்து, கீரையும் பருப்பும் சேர்த்து, தட்டின் கால் பங்குக்கு மிகாமல் உண்டால் நன்மை. அதையே நைசாக அரைத்து நீர்த்த கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். சோளக்கூழுக்கும் கம்பங்கூழுக்கும் இது பொருந்தும். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயிலும் வடகத்திலும் உள்ள உப்பை இரத்த அழுத்தம் உள்ளோர் மறக்கலாகாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தோர், சிறுதானியங்களில் பாஸ்பரசும் பொட்டாசியமும் அரிசியைவிடக் கூடுதல் என்பதால், மருத்துவரைக் கேளாமல் மாறுதல் வேண்டா.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கோ நூற்பாலைக்கோ செல்லும் ஒருவர், சிறுதானியம் உண்ணத் தொடங்கிய உற்சாகத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறார். சில வாரங்களில் ஆறாத கால்புண்ணுடன் வருகிறார். மற்றொருவர் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவைப் பாதியாகக் குறைக்கிறார்; பதினோரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருள்கிறது. வேதிப்பொருளின் நடுவிலோ இயந்திரத்தின் அருகிலோ அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்போருக்கு இந்த ஆபத்து மிகுதி. நடுக்கம் தொடங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருக வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறோம். மஞ்சள் மக்காச்சோளத்தில் இடையிடையே கரும்பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ மணிகள் தென்பட்டால் அது பூஞ்சணம். ஈரத்துடன் மூட்டை கட்டிய சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உருவாகும். அது கல்லீரலைத் தாக்கும், சமைத்தாலும் அழியாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கழுவியோ, நல்ல மணிகளைப் பொறுக்கியோ அத்தகைய மூட்டையைப் பயன்படுத்த முயலாதீர்கள். ஆடு, கோழிகளுக்கும் போட வேண்டா.

ஊதாச் சோளப் பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் எறிந்துவிடச் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது அந்தப் பொட்டலத்தையும், இப்போது உண்ணும் மாத்திரைகளின் அட்டைகளையும், ஒரு வாரம் மூன்று வேளையும் என்ன உண்டீர்கள் என்று எழுதிய தாளையும் உடன் கொண்டுவாருங்கள். எழுத இயலாதவருக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை எழுதிக்கொடுத்தாலும் போதும்.