மேகக் கணிமையும் கைப்பேசி வருகைப்பதிவும்

மேகக் கணிமை என்பது மென்பொருளையும் தரவுகளையும் அலுவலகக் கணினியில் வைக்காமல், தொலைவிலுள்ள சர்வர்களில் வைத்து இணையம் வழியே பயன்படுத்தும் முறையாகும். ஒரே பதிவேட்டைப் பலர் பல இடங்களிலிருந்து கைப்பேசியிலேயே பார்க்கவும் நிரப்பவும் இது உதவுகிறது.

நிறுவனங்களில்

1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஜோஹோ நிறுவனம், 2005 முதல் இத்தகைய மென்பொருள்களை வழங்கிவருகிறது. அதன் பணியாளர் மேலாண்மைச் செயலியில் ஊழியர் வீட்டிலிருந்தே விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம். மேலாளர் வெளியூரிலிருந்தே ஒப்புதல் தரலாம்.

நூறு நாள் வேலையில்

மரக்காணம் ஒன்றியத்தின் கீழ்புத்துப்பட்டு போன்ற கடலோர ஊராட்சிகளில், இம்முறை தொழிலாளரின் கூலியையே தொடுவது நூறு நாள் வேலைத் திட்டத்தில்தான். இத்திட்டத்திற்கான தேசியக் கைப்பேசிக் கண்காணிப்புச் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. 2022 மே 16 முதல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களிலும், 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, எல்லாத் தளங்களிலும் இது கட்டாயமாக்கப்பட்டது.

பணித்தளப் பொறுப்பாளர் தம் கைப்பேசியில் வருகையைக் குறித்து, நாளொன்றுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படம் எடுக்கிறார். படத்தோடு நேரமும் இடமும் பதிவாகின்றன. அவ்விடத்தில் சிக்னல் இல்லாவிட்டால் பதிவு கைப்பேசியிலேயே தங்கி, இணைப்பு கிடைத்ததும் சர்வருக்குச் செல்லும். அந்த வருகைப்பதிவும் வேலையின் அளவீடும் சேர்ந்தே வங்கிக் கணக்கில் கூலி ஏற வழிசெய்கின்றன.

குறைகள்

கைப்பேசி பழுதானாலோ பதிவு சென்று சேராவிட்டாலோ, வேலை செய்தவர் வராதவராகக் கருதப்படும் ஆபத்து உண்டு. இத்தகைய விதிவிலக்கான நேரங்களில் வருகையை நேரடியாகப் பதிவேற்ற, மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது.

படம் இருப்பதாலேயே பதிவு உண்மையாகிவிடுவதில்லை. படத்தையே மறுபடி படமெடுத்துப் பதிவேற்றுவது போன்ற முறைகேடுகளை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2025 ஜூலையில் சுட்டிக்காட்டி, படங்களை ஆட்களே சரிபார்க்குமாறு கூறியது.

தொழிலாளர் அறிய வேண்டியவை

வருகையைக் குறிக்கும் செயலி பொறுப்பாளரின் கையில் இருக்கிறது. தொழிலாளரிடம் இருப்பது வேலை அட்டை மட்டுமே. ஆனால் வருகைப்பதிவேடுகள் திட்டத்தின் இணையதளத்தில் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டம், வருகைப்பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வராவிட்டால், 16ஆம் நாளுக்குப் பிந்தைய தாமதத்துக்கு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு கோர இடமளித்தது. எனவே வீட்டிலுள்ள மாணவர்கள் வேலை அட்டை எண்ணைக் கொண்டு வாரந்தோறும் பதிவைப் பார்த்து, தம் பெற்றோர் வேலைக்குச் சென்ற நாட்களோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். விடுபட்ட நாளை உடனே கேட்டால் திருத்துவது எளிது.