மதர்போர்டு மாற்றிய பிறகும் கம்ப்யூட்டர் ஓடவில்லையா? ஃபார்மேட்டுக்குத் தலையாட்டும் முன் இதைப் பாருங்கள்

திருவனந்தபுரத்தில் துலா மாத மழை பெரும்பாலும் நேரம் பார்த்துத்தான் வரும். காலையில் வெயில் கொளுத்தும். மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் கறுத்து, சாயங்காலம் இடியோடு கொட்டும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் இடி மின்னல் எச்சரிக்கைகளில், மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்ற அறிவுரை இருக்கும். நானும் சுவரில் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிளக்கையும் பிடுங்கவில்லை, ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்கவில்லை. மறுநாள் காலை கம்ப்யூட்டருக்கு உயிர் இல்லை.

கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். புதிது போட்டும் ஆன் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒருவழியாக ஆன் ஆனது. ஆனால் விண்டோஸுக்குப் பதில் ஒரு நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. "ஃபார்மாட் செய்யாதெ பற்றில்ல" என்றார் கடைச் சேட்டன். ஃபார்மேட் பண்ணாமல் முடியாதாம். அந்த டிஸ்க்கில் 2020 கேரள உள்ளாட்சித் தேர்தலின் வார்டு வாரியான கோப்புகள், நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து சுத்தம் செய்தவை, இருந்தன. பேக்கப்? தயவுசெய்து கேட்காதீர்கள்.

மதர்போர்டு மாற்றுவது இப்போது அபூர்வமான வேலை இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும். முழு மெஷினை மாற்றுவதை விட போர்டையும் பிராசஸரையும் மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்று பலரும் நினைக்கிறார்கள். மாற்றிய பிறகு 'ஓடவில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பழுதுகள். பயாஸ் திரை வருவதற்கு முன்பே நின்றுவிட்டால் அது மின்சாரம், பொருத்துதல் சார்ந்த சிக்கல். டிஸ்க்கில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பயாஸ் வந்து விண்டோஸ் வரவில்லை என்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய டிஸ்க்குக்குப் புதிய போர்டைத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டிலுமே ஃபார்மேட் முதல் மருந்து அல்ல.

விசிறியே சுற்றவில்லை

முதலில் கேபினட்டின் பவர் பட்டன் ஒயரைப் பாருங்கள். போர்டின் ஓரத்தில் உள்ள சின்னஞ்சிறு பின்களில் அது ஒரு பின் தள்ளிச் செருகப்பட்டிருந்தால் கூட, பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அடுத்தது, போர்டுக்கு அடியில் வரும் பித்தளைத் தாங்கிகள். பழைய போர்டின் அளவு வேறாக இருந்திருந்தால், தேவையில்லாத இடத்தில் ஒரு தாங்கி மிச்சமிருந்து போர்டின் பின்பக்கத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். போர்டைக் கழற்றி அது வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து, பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் இணைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

என் விஷயத்தில் குற்றவாளி பவர் சப்ளை. நம் வீட்டுச் சுவர் சுவிட்ச் பொதுவாக ஃபேஸ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் அப்படியே இணைந்திருக்கும். மின்னல் பாய்ச்சல் அந்த வழியாகவும் வரலாம், லேன் கேபிள் வழியாகவும் வரலாம். போர்டை அடித்த அதே மின்னல் பவர் சப்ளையையும் அடித்திருக்கிறது. மின்னலில் போர்டு போனதென்றால், புதிய போர்டைக் குறை சொல்வதற்கு முன் வேறொரு பவர் சப்ளையைக் கடன் வாங்கியாவது சோதியுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

இதில் பாதி சிரிப்பு வரும் காரணங்கள்தான். பெரிய 24 பின் கேபிளைச் செருகிவிட்டு, பிராசஸருக்குப் பக்கத்தில் வரும் 8 பின் கேபிளை மறந்துவிடுவோம். விசிறியெல்லாம் ஜோராகச் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் மின்சாரம் இருக்காது. மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகியிருப்போம். ஆனால் ஐ5-12400எஃப் மாதிரி 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் போக வேண்டும். ரேம் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருக்கும்.

டிடிஆர்5 ரேம் போட்டவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் ஆஃப் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ, தகராறு அங்கேதான். சிபியு விளக்கு என்றால் பயாஸ் பழசா என்று கேளுங்கள்: பி450 போர்டு நீண்ட நாள் கடையில் கிடந்ததாக இருந்தால், பயாஸைப் புதுப்பிக்காமல் ரைசன் 5000 வரிசையை அதற்கு அடையாளம் தெரியாது.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

கடைகளில் 'ஃபார்மேட்' என்ற வார்த்தை எழுவது இங்கேதான். அதற்கு முன் ஒரு எளிய சோதனை. பென்டிரைவில் உபுண்டு போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டுங்கள். லினக்ஸ் பெரும்பாலான டிரைவர்களைக் கூடவே சுமந்து வருவதால் போர்டு மாறியதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாது. (பூஜப்புரையில் தலைமையகம் உள்ள 'கைட்' அமைப்பு கேரளப் பள்ளிகளுக்குத் தரும் லினக்ஸும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதே. பக்கத்து வீட்டு ஹைஸ்கூல் பையனிடம் கேட்டாலே உதவி கிடைக்கும்.) உபுண்டு ஓடினால் ஹார்டுவேரில் பெரிய பழுது இல்லை என்று அர்த்தம். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் கோப்புகளும் அங்கேயே தெரியும். முதலில் அவற்றை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

விண்டோஸ் வராமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 'லெகசி' முறையில், எம்பிஆர் டிஸ்க்கில் நிறுவப்பட்டிருக்கும். புதிய போர்டு யுஇஎஃப்ஐ முறையை மட்டும் எதிர்பார்த்து, பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். பயாஸில் சிஎஸ்எம் என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்து தற்காலிகமாக ஓட்டலாம். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவியால் டிஸ்க்கை அழிக்காமலே மாற்றலாம்.

இரண்டாவது, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத் திரை. பழைய போர்டில் ஏஹெச்சிஐ முறையில் இருந்த டிஸ்க், புதியதில் ரெய்டு அல்லது விஎம்டி முறையில் பார்க்கப்படுகிறது என்பது இதற்குப் பொதுவான காரணம். பயாஸில் அதைப் பழைய முறைக்கு மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை. இதற்காக ஃபார்மேட் செய்யப்பட்ட டிஸ்க்குகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாவது, எனக்கு நடந்தது: பிட்லாக்கர். டிஸ்க்கைத் திறக்கும் சாவியை விண்டோஸ் டிபிஎம்மிடம் ஒப்படைத்திருக்கும். போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே' என்பீர்கள். நானும் போடவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும்.

நல்ல விஷயம், அப்படி விழும்போது மீட்பு எண் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, உங்கள் சாதனங்களின் பட்டியலில் பிட்லாக்கர் மீட்பு எண்ணைத் தேடுங்கள். எந்தக் கணக்கு என்பதில்தான் தகராறு வரும். எனக்கு அது கல்லூரிக் காலத்து ஹாட்மெயில் முகவரியில் இருந்தது. பாஸ்வேர்டை மீட்கவே ஒரு சாயங்காலம் போனது. அலுவலக லேப்டாப் என்றால் எண் பெரும்பாலும் உங்கள் ஐடி பிரிவிடம் இருக்கும், டெக்னோபார்க்கில் வேலை செய்பவர்கள் அவர்களைத்தான் கேட்க வேண்டும். எண் எங்குமே இல்லை என்றால் மைக்ரோசாஃப்டாலும் தர முடியாது. அப்போது மட்டும் சேட்டன் சொன்னது சரி.

போர்டு இன்னும் சாகவில்லை, நீங்களாக விரும்பி மாற்றுகிறீர்கள் என்றால், கழற்றுவதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸையும் உங்கள் கணக்கோடு இணைத்துவிடுங்கள். தனியாக வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸைப் புதிய போர்டுக்குக் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் பொதுவாகப் பழைய போர்டோடு போய்விடும். ஆனால் ஆக்டிவேஷன் இல்லாவிட்டாலும் விண்டோஸ் திறக்கும், கோப்புகளை எடுக்கலாம்.

என் வார்டு கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. இப்போது சாயங்காலம் இருட்டினால் லேன் கேபிளைத்தான் முதலில் பிடுங்குகிறேன்.